கிணற்றுக்குள் இறங்கிய நாலு கண் பெட்டி

என் கொண்டை பின்னாலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று இந்த வயது வரை எனக்குத் தெரியாது. கண்ணாடியில் முன்பக்கம் தெரியும், தலையைத் திருப்பினால் காதோரம் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். மழை ஓய்ந்து வெயில் திரும்பிய ஒரு காலையில், எங்கள் அடுக்களையில், பழைய டி.வி.யில் என் கொண்டையை முழுசாகப் பார்த்தேன். அதே டி.வி.யின் இன்னொரு மூலையில் என் முகம். மூன்றாவது மூலையில் அடுப்பில் கொதிக்கிற மீன் குழம்பு. நாலாவதில் என் மருமகளின் முதுகும், அவள் காலடியில் மீனுக்காகக் காத்திருக்கிற பூனையும். எல்லாம் ஒரே நேரத்தில்!

"ஏட்டி, எனக்குப் பின்னால முடி இவ்வளவு கொட்டிப் போச்சா? வீட்டுல ஒருத்தியாவது சொன்னீங்களா?" என்று கத்தினேன்.

"சொன்னா சும்மா விடுவீங்களா அத்தை?" என்றாள் மருமகள், அடுப்பை விட்டுத் திரும்பாமலே. அவள் வாய் அசைவது டி.வி.யில் தெரியவில்லை, முதுகு குலுங்குவது தெரிந்தது. சிரிக்கிறாள்!

"ஆச்சி, கொண்டைய விடுங்க. படத்துக்கு நடுவுல சிலுவை மாதிரி கோடு போவுதுல்லா, அது ஆடுதான்னு பாருங்க" என்றாள் பேத்தி.

பார்த்தேன். ஆடவில்லை. ஆணி அடித்த மாதிரி நின்றது.

"அடிபொளி!" என்று அவள் ஸ்டூல் மேல் ஏறிக் குதித்தாள். மலையாளத்தில் படித்த பிள்ளை. சந்தோஷம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும். கோபம் வந்தால் தமிழ்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள். பேத்திக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுத வராது. மருமகள் நாகர்கோவில் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் வாய்க்கு வந்தபடி சொல்வதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்திப் போடுகிறாள். மீன் குழம்பையும் கொண்டையையும் எழுத வேண்டாம் என்றேன். எழுதிவிட்டாள், பாருங்கள்.

நாங்கள் மலையாள நாட்டில், ஸ்ரீவராகத்தில், அக்ரகாரத் தெருக்களுக்குப் பின்பக்கம் இருக்கிறோம். என் மகனுக்குக் கிணற்று வேலை. இந்த ஊரில் கிணறு இல்லாத வீடு குறைவு. குழாயில் தண்ணீர் வந்தாலும் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை இறைத்து, தூர் வாரி, உறைகளைக் கழுவ வேண்டும். உறை என்றால் கிணற்றின் சுவர் சரியாமல் இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சிமெண்ட் வளையம். என் மகன் இடுப்பில் கயிறு கட்டி இறங்கிவிட்டால் மேலே நிற்கிறவர்களுக்கு அவன் தலைத்துண்டு மட்டும்தான் தெரியும்.

அவனுக்கு ஒரு பழக்கம். கிணற்றுக்குள் எதை இறக்கினாலும் மோட்டார் பசை பூசாமல் இறக்க மாட்டான். மோட்டாரில் விரிசல் விட்டால் அடைக்கிற சாம்பல் நிறப் பசை அது, இரும்புப் பொடி கலந்தது. இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து அப்பினால் கல்லாகிவிடும். டார்ச் லைட்டுக்கும் அதுதான், குழாய் மூட்டுக்கும் அதுதான். என் செப்புக் குடத்தில் ஒரு ஓட்டை விழுந்தது, ஈயம் பூசித் தாடா என்றேன், அதற்கும் பசையை அப்பிக் கொடுத்துவிட்டான். இடுப்பில் தூக்கினால் அந்தக் கட்டி இன்றும் குத்துகிறது.

போன மழையில் ஒரு வீட்டுக் கிணற்றில் அவன் இறங்கி நிற்கும்போது ஓர் உறை பக்கவாட்டில் நகர்ந்து, தோளை உரசிக்கொண்டு நின்றது. நின்றது. நிற்காமல் போயிருந்தால் நான் இன்று மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன். தோள் தோல் உரிந்து வீட்டுக்கு வந்தான். நானும் மருமகளும் அழுதோம். பேத்தி அழவில்லை. காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள்.

"எறங்குறதுக்கு முன்னாலயே உறை ஆடுதான்னு பாத்துருக்கலாம்லப்பா?"

"மேல நின்னு பாத்தா தண்ணிதான் தெரியும் மக்களே. உறையப் பாக்கணும்னா எறங்கித்தான் பாக்கணும்."

"எறங்காம பாக்க நான் ஒண்ணு செஞ்சு தரேன்."

"செய்யி. நீ செஞ்சு முடிக்கதுக்குள்ள இந்த ஊருக் கிணறு பூரா நான் எறங்கி ஏறிருவேன்."

மகளை அவன் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவான். அப்பனும் மகளும் பேசினால் இப்படித்தான், ஒருத்தருக்கொருத்தர் சளைக்க மாட்டார்கள். ஆனால் அவள் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற காலேஜில் கடைசி வருஷத்துக்கு ஏதாவது சொந்தமாகச் செய்து காட்ட வேண்டுமாம். இதையே செய்யப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

போனைக் கயிற்றில் கட்டி இறக்கினால் போதாதா என்று நானே கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் செய்தவர்தான். சணல் கயிற்றில் போனைக் கட்டி, வீடியோ கால் போட்டு இறக்கினார். பாதியிலேயே படம் உறைந்து நின்றது. அவர் கயிற்றை ஆட்டி ஆட்டிப் பார்த்தார், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. போன் உள்ளே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் மணி அடித்ததாம். அவர் மனைவிதான் கூப்பிட்டிருக்கிறாள்!

பேத்தியின் யோசனை வேறு. நாலு பக்கமும் பார்க்க நாலு சின்னக் கேமரா. நாலையும் ஒரு பெட்டியில் வைத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேபிள் விட்டால் கயிற்றோடு சுற்றிக்கொள்ளும், அதனால் மேலே வர ஒரே கேபிள். நாலு படமும் ஒரே டி.வி.யில் சேர்ந்து தெரிய வேண்டும். உறை ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் மற்ற மூன்று பக்கத்தோடு ஒத்துப் பார்த்தால்தானே தெரியும்?

"ஒரு கேபிள்ல எப்படி நாலு படம் போவும்?" என்று கேட்டேன்.

அவள் சாமான்களையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தாள். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. உளுந்து அளவில் கறுப்பாக ஒன்றை இடுக்கியில் எடுத்துக் காட்டினாள்.

"இதுக்குப் பேரு மல்டிபிளெக்ஸர், ஆச்சி. கிழக்கே கோட்டை ஜங்ஷன்ல போலீஸ்காரன் நிக்கான்லா? நாலு ரோட்டுல ஒரு ரோட்டை மட்டும் விடுவான், மத்தத நிறுத்துவான். அதே வேலைதான்."

"அப்ப ஒரு நேரத்துல ஒரு படந்தானே தெரியும்?"

"அதுக்குத்தான் வேகம் வேணும். டி.வி. படத்தக் கோடு கோடா எழுதும். ஒரு கோடு பாதி எழுதும்போது இந்தக் கேமரா, மீதிக்கு அந்தக் கேமரா. படம் பாதி கீழ எறங்கினதும் மத்த ரெண்டு கேமரா. கோட்டுக்குக் கோடு மாத்திட்டே இருக்கும், உங்க கண்ணுக்குத் தெரியாது. ஒண்ணத் திறக்கதுக்கு முன்னால முன்ன திறந்தத அடைச்சிரும். ரெண்டு ரோட்டையும் சேத்துத் திறந்தா இடிச்சுக்கும்லா?"

எனக்கு உடம்பே சிலிர்த்தது! உளுந்து அளவுக்கு ஒரு போலீஸ்காரன், அதுவும் கண் இமைப்பதற்குள் அத்தனை தடவை கை காட்டுகிறான்! கிழக்கே கோட்டையில் நிற்கிற உண்மையான போலீஸ்காரனுக்கு இதில் பாதி வேகம் இருந்தால் எங்கள் பஸ் நேரத்துக்கு வரும்.

"பின்ன இது யாரு?" பக்கத்தில் இன்னொரு கறுப்பு உளுந்து இருந்தது.

"இதுதான் ஆம்ப்ளிஃபயர். கேமராக்காரன் மெல்லமா சொல்லுறத உரக்கச் சொல்லி கேபிள் வழியா மேல தள்ளும். கரண்ட் ஃபீட்பேக்னு ஒரு வகை. ரொம்ப வேகமான ஆளு, ஆனா சட்டுனு கோவம் வந்துரும்."

"யார மாதிரி?"

"உங்கள மாதிரி."

அடுக்களையிலிருந்து மருமகள் சிரித்தது மேசை வரைக்கும் கேட்டது.

அந்த உளுந்துக்குச் சின்னச் சின்னக் கால்கள். அதில் ஒரு காலைக் காட்டி, "இதுதான் அதுக்குக் காது" என்றாள். தான் சொன்னதைத் தானே இந்தக் காது வழியாகக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுமாம். வாயிலிருந்து காதுக்குத் திரும்பி வர நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். அதைச் சிப்பு செய்தவன் சொன்ன அளவில்தான் வைக்கலாம். அளவைக் குறைத்தால் தானாகவே ஊளையிட ஆரம்பித்துவிடும். காதுக்குப் பக்கத்தில் எதுவுமே இருக்கக்கூடாது. போர்டுக்குள் ஓடுகிற செம்புத் தகட்டைக்கூட அந்த இடத்தில் மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். போர்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது அங்கே மட்டும் வெளிச்சம் பச்சையாக ஊடுருவியது. நாலு கேமராவிலிருந்தும் வருகிற வழிகளுக்கு நடுவே வயல் வரப்பு மாதிரி ஒவ்வொரு செம்புக் கோடு. ஒரு வழியில் போகிறது பக்கத்து வழியில் கசியக் கூடாதாம். எவ்வளவு சுத்தமான வேலை! கோலம் போடத் தெரிந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். எனக்குத் தெரிந்தது.

அப்படிச் செய்து முடித்து, நாலு கேமராவையும் அடுக்களையில் நாலு பக்கம் வைத்து முதன்முதலில் ஓட்டிப் பார்த்ததுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கொண்டைப் படம். என் மகனும் வந்து பார்த்தான். நாலு மூலையையும் பார்த்தான். மீன் குழம்பைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"அடுக்களையில நல்லாத்தான் தெரியுது" என்றான்.

"கிணத்துலயும் தெரியும்" என்றாள் அவள்.

அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிணறு இருந்தது. கல்லாறு போகிற வழியில், ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா வீடு. மலைச்சரிவில் தோண்டிய ஆழமான கிணறு, பழைய உறை. அதைக் கேட்டதிலிருந்தே மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி விடாமல் பிடித்துக்கொண்டதில், கடைசியில் அவன் ஒரு வார்த்தைக்கு வந்தான்.

"சரி. உன் பெட்டிய மொதல்ல எறக்குதேன். படம் தெளிவாத் தெரிஞ்சா, அது சொல்றதக் கேக்கேன். தெளிவா இல்லன்னா நான் எறங்கிருவேன். பின்ன யாரும் வாயத் திறக்கப்பிடாது."

"வாக்கு மாறக்கூடாது."

"நீதான் மாறக்கூடாது."

சனிக்கிழமை காலையில், சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் பொதுவான எங்கள் வளவுக் கிணற்றில் ஒத்திகை. பிளாஸ்டிக் வயரிங் பெட்டிக்குள் போர்டை வைத்து மூடியிருந்தாள். கேமராக்கள் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில், ஆளுக்கொரு சின்ன விளக்கோடு, பெட்டியைச் சுற்றி இருந்தன. டி.வி. வயர் ஒன்று வாங்க அவள் கடைக்குப் போனாள். அவள் திரும்புவதற்குள் கயிறு மாட்டக் கொக்கி பொருத்தி வைக்கிறேன் என்று என் மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான்.

இறக்கினோம். டி.வி.யைக் கிணற்றடித் துவைகல்லில் வைத்திருந்தோம். வளவில் இருந்த எல்லாரும் வந்துவிட்டார்கள். போனைத் தொலைத்த பக்கத்து வீட்டுக்காரர்தான் முன்வரிசை.

படம் வந்தது.  ஓர் உறைக்கு விளிம்பு ஒன்றுதானே? டி.வி.யில் ஒவ்வொரு விளிம்புக்கும் பக்கத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று விளிம்பு, தண்ணீரில் கல் போட்ட மாதிரி அலையலையாக. அதோடு ஒரு கேமராவில் தெரிகிற வேர் பக்கத்துக் கேமராவிலும் ஆவி மாதிரி லேசாகத் தெரிந்தது.

"கிணத்துக்குள்ள எத்தன உறை இருக்கு? இதப் பாத்தா ஊரு உறை பூரா இங்கதான் கெடக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நீங்க போய் உங்க போனுக்கு ஒரு ரிங் குடுங்க, எடுக்குதான்னு பாப்போம்" என்றேன். 

பேத்தி முகம் வாடிவிட்டது. நீளமான கேபிளில் சிக்னல் முட்டித் திரும்புகிறதோ என்று டி.வி. பக்கம் மாட்டியிருந்த சின்னச் சாமானை மாற்றினாள். மாறவில்லை. கேபிளையே மாற்றினாள். டி.வி.யை மாற்ற எதிர்வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தோம். அதிலும் அதே அலைதான். அடுக்களையில் நன்றாக இருந்தது கிணற்றில் ஏன் இப்படி ஆனது என்று அவளுக்குப் புரியவில்லை. உச்சிவெயில் இறங்கிவிட்டது.  என் மகன் தன் பாட்டுக்குத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கான கயிற்றை இழுத்து இழுத்துச் சரிபார்க்க ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் பெட்டியையே திறந்து பார்க்கிறேன் என்று ஸ்க்ரூவைக் கழற்றினாள். மூடியைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

உள்ளே போர்டையே காணோம். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. ரெசிஸ்டர், போலீஸ்காரன், கோபக்காரன் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து மண் அப்பின மாதிரி அப்பியிருந்தது.

"அப்பா." தமிழில் கூப்பிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. "இது என்னது?"

"பசை" என்றான்.

"பசைன்னு தெரியுது. உள்ள எப்படி வந்துது?"

"கொக்கி போடயில தெறந்து பாத்தேன் மக்களே. ஒரு பூச்சும் இல்லாம சும்மா கெடந்துது. நீ இத்தன நாளு கண்ணு வலிக்க ஒக்காந்து செஞ்சது, ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போச்சேன்னு நெஞ்சு பதறிப் போச்சு. அதான் நல்லா அழுத்தி அப்பிவிட்டேன்."

"அய்யோ! இரும்புப் பொடி கலந்த பசை அப்பா! காதுக்கிட்ட செம்பு கூட இருக்கப்பிடாதுன்னு நான் சுரண்டி எடுத்து வச்சிருக்கேன், நீங்க காதுலயே அப்பியிருக்கீங்க! அது பின்ன எதைக் கேக்கும்? வரப்பு கட்டி வச்சிருந்தேன், அதுக்கு மேலயும் அப்பி, எல்லா வழியையும் ஒண்ணாக்கியாச்சு!"

"இவரு காதுலயும் அதத்தான் அப்பி வச்சிருக்காரு" என்றாள் மருமகள். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சொல்லுற ஒண்ணும் உள்ள போகல."

என் மகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. கட்டியை நகத்தால் தட்டிப் பார்த்தாள். கல்.

"அப்ப இது போச்சா?" என்று அவன் கேட்டான். குரல் இறங்கிவிட்டது. "சரி மக்களே, நீ ஒண்ணும் வருத்தப்படாத. நாளைக்கு நான் எறங்கிப் பாத்துக்கிடுதேன். இத்தன வருசமா எறங்கலியா?"

அதைக் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். "ஒருத்தரும் எறங்க வேண்டாம். இன்னொரு போர்டு இருக்கு. சிப்பும் ஒவ்வொண்ணு மிச்சம் இருக்கு. வெளிச்சமும் இருக்கு."

துவைகல் பக்கத்திலேயே, வெயில் விழுகிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து வயர் இழுத்து, சூட்டுக்கோலைக் காய வைத்து, ஈயத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். ஒவ்வொரு காலும் எள் முனை. பூதக்கண்ணாடியைப் பிடிக்கிற வேலை எனக்கு! கண்ணாடி அசையாமல் இருக்க முழங்கையைத் துவைகல்லில் ஊன்றிக்கொண்டேன். ஈயம் உருகி, காலைக் கவ்வி, பளபளவென்று உட்காருகிற அழகு இருக்கிறதே, அதைப் பார்க்காமல் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன்! கண்ணாடி வழியாக அந்தக் காதுப் பக்கத்தை நானும் பார்த்தேன். சுத்தமாக, வெறுமையாக இருந்தது.

என் மகன் தூரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தின பிள்ளை மாதிரி நின்றான். பசை டப்பாவை மருமகள் எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள்.

போர்டு முடிந்தது. ஆனால் அவன் பயந்ததும் பொய் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் பெட்டியின் மூடி இடுக்கில் ஈரம் இருந்தது. அதை அவளே பார்த்தாள்.

"தண்ணி உள்ள போகாம இருக்கணும்பா. ஆனா போர்டைத் தொடப்பிடாது. என்ன செய்யலாம்?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நேராக அடுக்களைக்குள் போனான். மருமகள் வேலை பார்க்கிற துணிக்கடைக்குச் சோறு கொண்டு போகிற எவர்சில்வர் டப்பாவோடு வந்தான். மூடியில் ரப்பர் வளையமும் நாலு பக்கமும் கிளிப்பும் உள்ள டப்பா.

"என் சோத்து டப்பா!" என்றாள் மருமகள்.

"கிணத்து டப்பா" என்றான்.

அதற்குள் போர்டைச் சின்னத் தூண்கள் வைத்து நடுவில் நிறுத்தி, கேமராக் குப்பிகளை வெளியே சுற்றிக் கட்டினாள் பேத்தி. கேபிளும் கேமரா வயர்களும் நுழைகிற ஓட்டையை அடைக்க வேண்டும். எல்லாரும் அவனையே பார்த்தோம். அவன் அவளைப் பார்த்தான்.

"வெளிப்பக்கம் மட்டும்" என்றாள் பேத்தி.

மருமகள் பசையை எடுத்துக் கொடுத்தாள். அவன் ஓட்டையைச் சுற்றி வெளிப்பக்கம் மட்டும், தாலிக்குப் பொன் உருக்குகிற தட்டான் மாதிரி, அவ்வளவு கவனமாக வைத்தான். காய்ந்ததும் டப்பாவுக்குள் ஒரு காகிதத்தைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்தோம். திறந்தால் காகிதம் மொறமொறவென்று இருந்தது. நான் கை தட்டினேன்.

மறுநாள் காலையில் சாமான் ஏற்றுகிற பெட்டி ஆட்டோவில் நாங்கள் எல்லாரும். நான் டி.வி.யைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் வர வேண்டாம் அத்தை, இடுப்பு வலிக்கும் என்றாள் மருமகள். வலிக்கட்டும்! கொண்டையைக் காட்டின பெட்டி கிணற்றைக் காட்டப் போகிறது, நான் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்வேனா? வழியில் ஒரு கடையில் கப்பக்கிழங்கும் மீன் கறியும் வாங்கித் தந்தான் மகன். அந்தக் கறியில் குடம்புளி கொஞ்சம் தூக்கல். அது வேறு கதை.

டீச்சரம்மா நல்ல மனுஷி. எனக்கு நாற்காலி போட்டார்கள். போர்வையைப் பிரித்ததும் திகைத்துவிட்டார்கள்.

"இதெந்தா அம்மச்சி, கிணற்றிலேக்கு டி.வி. இறக்குவானோ?"

"டி.வி. மேல இருக்கும் டீச்சரே. அந்த டப்பாதான் எறங்கும். எம் பேத்தி செஞ்சது" என்றேன். சொல்லும்போதே என் கழுத்து நீண்டுவிட்டது.

"மோள் தன்னே உண்டாக்கியதோ? அம்போ!"

என் மகன் கப்பியில் கயிறு போட்டு இறக்கினான். பழக்கம் விடுமா, அவன் கண் கிணற்றில்தான் இருந்தது, டி.வி.யைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேத்தி டி.வி. முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

படம் வந்தது. நாலு மூலை, நடுவில் அசையாத சிலுவைக் கோடு. உறையின் விளிம்பு ஒன்று என்றால் ஒன்று! முந்தின நாள் பார்த்த அலை ஒன்றுகூட இல்லை. பாசியின் பச்சை, சிமெண்டில் ஒட்டின நத்தை, ஈரத்தில் மினுங்குகிற வேர். "நத்தை! டீச்சரே, நத்தையப் பாருங்க!" என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

ஓர் உறை, அடுத்த உறை, அதற்கடுத்தது என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தது. என் மகன் கயிற்றை விட்டுக்கொண்டே, "நல்ல கிணறுதான். வீணா டி.வி. தூக்கிட்டு வந்தோம்" என்றான்.

"நிறுத்துங்க" என்றாள் பேத்தி.

கீழ் வலது மூலையில், இரண்டு உறைக்கு நடுவே, கறுப்பாக ஒரு கோடு. மற்ற மூன்று மூலையிலும் அதே மூட்டு ஒட்டிக்கொண்டு இருந்தது. இங்கே மட்டும் வாய் திறந்திருந்தது. கோட்டுக்குப் பின்னால் மண் இல்லை, வெறும் இருட்டு. முந்தின நாள் மாதிரி விளிம்புக்குப் பக்கத்தில் விளிம்பாக வந்திருந்தால் இதுவும் அதில் ஒன்று என்றுதான் நினைத்திருப்போம்.

"அப்பா, வந்து பாருங்க."

அவன் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு வந்தான். குனிந்து பார்த்தான். பின்பு அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்தான்.  

"எங்க அச்சன் குழிச்ச கிணறாணு. ஒரு குழப்பமும் இல்லாதது அல்லே?" என்று டீச்சரம்மா மெல்லக் கேட்டார்கள். அவர்கள் அப்பா தோண்டின கிணறாம், ஒரு கேடும் வராது என்று நம்பியிருந்தார்கள்.

 அவன் எழுந்து, இன்னொரு கயிற்றில் ஒரு வாளி நிறையக் கல் கட்டி இறக்கினான். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, இந்தத் தடவை டி.வி.யை மட்டும் பார்த்துக்கொண்டே, அந்த உறை விளிம்பில் வாளியை லேசாக முட்ட விட்டான். அவ்வளவுதான். கறுப்புக் கோடு அகன்றது. உறை சாய்ந்தது. பின்னாலிருந்த மண் பொலபொலவென்று இறங்க, கிணற்றுக்குள்ளிருந்து தொப்பென்று சத்தம் வந்தது. படத்தில் ஒரு மூலை சேறாகிவிட்டது. மற்ற மூன்றும் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தன.

அவன் நின்று காலை ஊன்றுகிற இடம் அது. எனக்கே தெரியும். மருமகள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரே, இப்ப ஆளு எறங்கப்பிடாது. மேல இருந்து உறைய ஒவ்வொண்ணா எடுத்துட்டுத்தான் தூர் வாரணும்" என்றான்.

பிறகு மகளைப் பார்த்தான். அவள் டி.வி.யைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

"லேய், என்னமோ எறங்கித்தான் பாக்கணும்னியே?"

"பாத்தாச்சு அம்மா" என்றான்.

மேலே எடுத்தபோது பெட்டி முழுக்கச் சேறு. கிளிப்பைத் திறந்தால் உள்ளே உலர்ந்து கிடந்தது. டீச்சரம்மா எல்லாருக்கும் சாயா கொடுத்தார்கள், நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பனும் மகளும் டப்பாவின் அடிப்பக்கத்தில் அஞ்சாவதாக ஒரு கேமரா வைக்க முடியுமா என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அவனுக்குப் போன் வந்தது, இங்கே பக்கத்திலேயே ஒரு கிணறு. கயிறு, கடப்பாரை, வாளி எல்லாம் எடுத்து வாசலில் வைத்தான். செருப்பைப் போட்டான். போகாமல் நின்றான்.

"ஏட்டி, அந்த டப்பா எங்க?" என்று மருமகளைக் கேட்டான்.

"ஓட்டைய அடைச்சு அதுலதான் சோறு கெட்டி வச்சிருக்கேன். போர்டையும் கேமராவையும் உங்க மக கழத்திக் காலேஜுக்குக் கொண்டு போயிட்டா. சாயந்திரந்தான் வருவா."

 அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, போனை எடுத்தான்.

"சாரே, இன்னைக்குப் பற்றில்ல, முடியாது. நாளைக்கு வரேன். இல்ல சாரே, ஆளு ரெடிதான். பெட்டி காலேஜுக்குப் போயிருக்கு."